எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லித்தருவது எப்படி: நெல்லைப் பக்கத்து மாலை வகுப்புகளுக்கு ஒரு வழிகாட்டி

முக்கூடலோ, களக்காடோ, திசையன்விளையோ, நம்ம பக்கத்தில் எந்த ஊரில் மாலை வகுப்பு தொடங்கினாலும் இப்படி ஒரு பிள்ளை கண்டிப்பாக வரும். அ முதல் ஔ வரை ராகம் போட்டுச் சொல்லும். க, ங, ச, ஞ வரிசையும் தடங்கல் இல்லாமல் வரும். சுவரில் தொங்கும் எழுத்து அட்டையில் எதைத் தொட்டுக் கேட்டாலும் பதில் இருக்கும். சிலேட்டில் 'பக்கம்' என்று எழுதிக் காட்டினால் மட்டும் "ப... இக்... க... இம்..." என்று இழுத்துவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். நான்கு எழுத்தும் சரி. சொல் வரவில்லை.

எழுத்து தெரிவது வேறு, சேர்த்து வாசிப்பது வேறு. முதலாவதைச் சொல்லிக்கொடுத்தால் இரண்டாவது தானே வந்துவிடும் என்ற நம்பிக்கையிலேயே ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஓடிப்போகின்றன. சில பிள்ளைகளுக்குத் தானே வரவும் செய்யும். வராத பிள்ளைகள்தான் நம்மிடம் வருகிறார்கள். அதனால் 247 எழுத்தும் முடியட்டும் என்று காத்திருக்காமல், சேர்க்கிற வேலையை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. மற்றதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்கிற விவரம்.

2021-இல் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசின் மாலை வகுப்புத் திட்டம் வந்தபோது தன்னார்வலர்களாகச் சேர்ந்தவர்களில் பலர் ஆசிரியப் பயிற்சி படித்தவர்கள் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கும், வீட்டில் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளும் அம்மாமார், ஆச்சிமாருக்கும் இது பயன்படும். சிலேட்டு, சாக்பீஸ், பழைய தினசரி காலண்டர் தாள் இவ்வளவு போதும். காலண்டர் தாளின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும்; கிழித்தால் ஒரு தாளில் நான்கு எழுத்து அட்டை.

முதலில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

வந்த அன்றே பாடம் எடுக்க வேண்டாம். மற்ற பிள்ளைகள் விளையாடட்டும், ஒருவரைத் தனியாக அழைத்துப் பத்து நிமிஷம் பாருங்கள். ஒரு தாளில் வரிசை மாற்றிப் பத்து எழுத்து, இன்னொன்றில் மரம், பால், கிளி, வீடு, பூனை போலப் பத்துச் சின்னச் சொற்கள், மூன்றாவதில் நாலு வரிக் கதை. பிடித்த ஐந்து சொல்லைப் பிள்ளையே தேர்ந்தெடுத்து வாசிக்கட்டும். நான்கு சரியாக வந்தால் கதைக்குப் போகலாம். வராவிட்டால் எழுத்துக்கு இறங்கலாம்.

பாடப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லி முடிவு கட்டிவிடாதீர்கள். வகுப்பில் கேட்டுக் கேட்டுப் பக்கம் முழுக்க மனப்பாடம் ஆகியிருக்கும். விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரிக்குப் போயிருக்கும். சந்தேகம் வந்தால் வரியைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாசிக்கச் சொல்லுங்கள். அல்லது அர்த்தமே இல்லாத ஒரு சொல்லை எழுதிக் காட்டுங்கள்: 'டமல்', 'லபகம்'. நிஜமாகவே எழுத்துக்கூட்டுகிற பிள்ளை சிரித்துக்கொண்டே வாசித்துவிடும். மனப்பாடப் பிள்ளை தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு சொல்லுக்குத் தாவும்.

அரசுப் பள்ளியில் 1 முதல் 3 வரை படிக்கிற பிள்ளை என்றால், 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பார்கள். எந்த நிலை என்று டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். நீங்கள் ஒரு பக்கம் இழுக்க, பள்ளி இன்னொரு பக்கம் இழுக்க வேண்டாம்.

எழுத்துக்கு முன்னால் காது

சிலேட்டை எடுக்காமலே சில நாள் விளையாடலாம். ஒரு சொல்லைச் சொல்லி, அது எத்தனை துண்டாக வாயில் வருகிறதோ அத்தனை தட்டு கைதட்டச் சொல்லுங்கள். 'மரம்' என்றால் ம-ரம், இரண்டு தட்டு. 'அம்மா' என்றால் அம்-மா, இரண்டு. 'கருப்பட்டி' என்றால் க-ருப்-பட்-டி, நான்கு. புள்ளி வைத்த எழுத்துக்குத் தனித் தட்டு கிடையாது, அது முன்னால் இருக்கிற எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். இதைக் காது பிடித்துக்கொண்டால் பின்னால் 'பக்கம்' சிக்கல் பாதி தீர்ந்துவிடும்.

அடுத்து, ஒலியை எடுப்பதும் மாற்றுவதும். "'கடல்'-ல 'க'-வ எடுத்துட்டா என்ன மிச்சம்?" "'பாடம்'-ல 'பா'-வக் குட்டையாக்கினா?" பெரிய பிள்ளைகள் தங்களுக்குள் ரகசியம் பேசும் க-பாஷையும் இதே வேலையைத்தான் செய்கிறது. 'வாடா' என்பதை 'கவாகடா' என்று சொல்லும் பிள்ளைக்குச் சொல்லைத் துண்டு துண்டாகப் பிரிக்கத் தெரிகிறது என்று அர்த்தம். அதட்டாமல் வகுப்புக்குள் கொண்டுவாருங்கள்.

குறில், நெடில் வேறுபாட்டைக் காதிலேயே பழக்கிவிட வேண்டும். பல்-பால், கல்-கால், விடு-வீடு, குடை-கூடை, எடு-ஏடு, கொடு-கோடு. நீளம் மாறினால் பொருளே மாறிவிடுகிறது. நீங்கள் சொல்லச் சொல்ல, குறில் என்றால் விரல் சொடுக்கு, நெடில் என்றால் கையை நீட்டி இழுப்பு. ஐந்து நிமிஷம் போதும்.

ஐந்து எழுத்தில் தொடங்குவது

அ, ஆ, இ, ஈ என்று தொடங்கத்தான் எல்லாருக்கும் கை வரும். அந்த வரிசை ஒப்பிப்பதற்கு நல்லது, வாசிப்பதற்குத் தோதில்லை. பன்னிரண்டு உயிரெழுத்தை முடித்தாலும் ஒரு சொல்கூட உருப்படியாக எழுத முடியாது. எழுதுவதற்குச் சுலபமான, நிறையச் சொல் தருகிற எழுத்துகளாக ஐந்தை எடுங்கள்: ப, ட, ம, க, ல. கூடவே புள்ளி.

இந்த ஐந்தையும் புள்ளியையும் வைத்து எத்தனை சொல் வருகிறது பாருங்கள். படம், பட்டம், மடம், மட்டம், கல், பல், கடல், பகல், பலம், மடல், கட்டம், பக்கம், கப்பல், கம்பம், கம்மல். முதல் வாரத்திலேயே ஒரு வரியும் எழுதிப் போடலாம்: "கடல் பக்கம் கப்பல்." உவரியிலோ கூத்தங்குழியிலோ இருக்கிற பிள்ளைக்கு இந்த வரி தன் ஊரைப் பற்றியது. 'நான் ஒரு வரி வாசிச்சிட்டேன்' என்று அன்று சாயங்காலம் வீட்டில் போய்ச் சொல்லும்.

சொல்லித்தரும் முறை இப்படி. ப-வைக் காட்டி 'ப' என்று சொல்ல வையுங்கள். ட-வைக் காட்டி 'ட'. இரண்டையும் பக்கத்தில் வைத்து, விரலை அடியில் நிறுத்தாமல் நகர்த்தி 'பட'. கடைசியில் ம் வைத்து, முதலிலிருந்து 'படம்'. ப, பட, படம் என்று சொல் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து வளர வேண்டும். "ப. ட. ம்." என்று மூன்றாக உடைத்துவிட்டு "இப்ப சேர்த்துச் சொல்லு" என்றால் பிள்ளைக்கு எதைச் சேர்ப்பது என்றே தெரியாது, கடைசியாகச் சொன்ன எழுத்து மட்டும்தான் நினைவில் இருக்கும்.

இப்போது அந்த 'இக்' விஷயம். மெய்யெழுத்துகளை இக், இங், இச் என்று சொல்லித்தருவது நெடுநாள் வழக்கம். புள்ளி எழுத்தைத் தனியாக உச்சரிப்பது கஷ்டம் என்பதால் முன்னால் ஓர் இ-யைச் சேர்த்துக்கொண்டார்கள். பெயராக இருக்கும்வரை அதில் தப்பில்லை. வாசிக்கும்போது அந்த இ கூடவே வந்து உட்கார்ந்துகொள்வதுதான் தொல்லை. அதனால் புள்ளி எழுத்தைத் தனி அட்டையாகக் காட்டிப் பெயர் கேட்க வேண்டாம். எப்போதும் முன்னால் ஓர் எழுத்தோடு காட்டுங்கள்: பக், பட், பம், பல், கக், கட், கம், கல். 'பக்' ஓர் அட்டை, 'கம்' ஓர் அட்டை. இரண்டையும் ஒட்டினால் பக்கம். 'கப்', 'பல்' ஒட்டினால் கப்பல். 'பட்', 'டம்' ஒட்டினால் பட்டம். கைதட்டிய அதே துண்டுகள் இப்போது கண்ணுக்குத் தெரிகின்றன.

ஏற்கெனவே இக், இம் என்று பழகிய பிள்ளையிடம் "அப்படிச் சொல்லாதே" என்று நிறுத்தினால் பயந்துவிடும். 'ப... இக்...' என்று தொடங்கும்போதே இரண்டு எழுத்தையும் ஒரே விரலால் மூடித் திறந்து "இது ரெண்டும் ஒரே மூச்சு" என்று சொல்லுங்கள். சில நாளில் மாறிவிடும்.

ஐந்தும் ஓரளவு கைக்குள் வந்ததும் த, ர, வ, ன, அ ஆகியவற்றைச் சேருங்கள். மரம், வடம், தகரம், அவன், அவல், அப்பம், அம்பலம் என்று பட்டியல் நீளும். பழைய சொல் ஏழு, புதிய சொல் மூன்று என்கிற கணக்கில் தினமும் போகலாம். கோயில் கொடைத் திருவிழா வந்தால் ஒரு வாரம் வகுப்பு காலியாகிவிடும். திரும்பி வந்த அன்று புதிதாக எதையும் எடுக்காமல் பழைய அட்டைகளையே கலைத்துப் போடுங்கள்.

குறிகளை எந்த வரிசையில் எடுப்பது

247 என்ற எண் சொல்லித்தருகிறவரையே பயமுறுத்தும். உண்மையில் பிள்ளை கற்க வேண்டியது 12 உயிர், 18 மெய், 1 ஆய்தம், அப்புறம் துணைக்கால், கொம்பு போன்ற 11 உயிர்க்குறிகள். மொத்தம் 42. அந்தக் குறிகளிலும் ொ, ோ, ௌ மூன்றும் இரண்டு துண்டு சேர்ந்தவை. ங வரிசையில் அன்றாடச் சொற்களில் வருவது ங் ஒன்றுதான்; ஙி, ஙீ, ஙௌ எல்லாம் எழுத வைத்துப் பிள்ளையின் விரலை வலிக்க வைக்க வேண்டாம்.

முதல் குறி துணைக்கால். பால், கால், வால், மாமா, தாத்தா, பாப்பா, டப்பா. அம்மா, அப்பா இப்போதுதான் வாசிக்கக் கிடைக்கிறார்கள். துணைக்காலும் ர-வும் பார்க்க ஒன்றுபோல் இருப்பதால் 'கால்' என்பதைக் 'கரல்' என்று வாசிக்கும் பிள்ளை உண்டு. ர-வுக்குக் கீழே ஒரு சாய்ந்த கால் உண்டு என்று காட்டி, 'பாரம்', 'வாரம்' போல இரண்டும் வருகிற சொற்களைக் கொடுங்கள்.

அட்டவணைப்படி அடுத்தது ி. நான் ு-வை எடுக்கச் சொல்வேன். தமிழில் நிறையச் சொல் உகரத்தில்தான் முடிகிறது: ஆடு, மாடு, காது, பத்து, பாட்டு, நாக்கு, ஆறு. ஆனால் இதுவும் இதன் நெடிலான ூ-வும்தான் எழுத்துக்கு எழுத்து உருவம் மாறும், அதனால் மொத்தமாகக் கொடுக்காமல் கூட்டம் கூட்டமாகக் கொடுக்க வேண்டும். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம், எழுத்தோடு சேர்ந்து சுற்றி வளையும். சு, பு, யு, வு இன்னொன்று, கீழே ஒரு கோடு இறங்கும். து, நு, லு, று, னு, ணு, ஞு மூன்றாவது, கீழே இறங்கி மறுபடி மேலே ஏறும். ஒரு கூட்டத்தில் ஒன்று தெரிந்தால் மற்றதைப் பிள்ளையே ஊகிக்கும். ஊ வரிசையில் தூ, நூ, லூ போன்றவை து, நு, லு-வோடு ஒரு கால் சேர்ந்தவை. கூ, சூ, பூ மூன்றையும் தனித்தனியாகத்தான் பழக்க வேண்டும். பூ சீக்கிரம் பதிந்துவிடும், தினமும் பார்க்கிற சொல்.

அப்புறம் ி, ீ. இந்த இடத்தில் நின்று சின்னச் சின்னப் பத்திகள் எழுதலாம். "ஆடு வந்தது. மாடு வந்தது. அப்பா வரப்பில் நடந்தார்." அச்சுப் புத்தகத்தில் இப்படி அளந்து வைத்த வரி கிடைப்பது அரிது, நீங்களே எழுதிக்கொள்வதுதான் வழி. பிள்ளைகளின் பெயரையும் தெருவில் நடந்ததையும் போடுங்கள்.

ெ, ே, ை ஆகிய மூன்றும் எழுத்துக்கு முன்னால் எழுதப்பட்டு, பின்னால் ஒலிப்பவை. கண் முதலில் கொம்பைப் பார்க்கிறது, வாய் முதலில் எழுத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு தாளில் 'ப' எழுதி வையுங்கள். கொம்பைத் தனித் துண்டாக வெட்டி வைத்துக்கொண்டு, ப-வுக்கு முன்னால் கொண்டுவந்து வைக்கும்போது 'பெ', எடுத்தால் 'ப'. இரட்டைக்கொம்பு வைத்தால் 'பே'. பிள்ளையே வைத்து எடுத்து விளையாடட்டும். பிறகு அந்தக் கொம்பையும் ஒரு துணைக்காலையும் இரண்டு பக்கமும் வைத்தால் 'பொ'. பெட்டி, பேட்டி, பொட்டு, தொட்டில், தேர், கோழி. ஔகாரக் குறி வரும் சொற்கள் குறைவு. கௌதாரி, பௌர்ணமி என்று இரண்டு காட்டிவிட்டு நகரலாம்.

ஆய்தமும் ஜ, ஸ, ஷ, ஹ எழுத்துகளும் கடைசி என்பார்கள். பெயரில் இருந்தால் கடைசி இல்லை. மேலப்பாளையத்தில் ஒரு ஷாஜஹானும், கடற்கரையில் ஒரு ஸ்டீபனும், எல்லா ஊரிலும் ஒரு ஹரிஷும் இருப்பார்கள். தன் பெயரை வாசிக்க அவர்களைக் கடைசி வரை காக்க வைப்பது நியாயமில்லை. பெயரை மட்டும் படம் பார்ப்பதுபோல் முதல் நாளே காட்டிவிடுங்கள்.

ஒரே எழுத்து, வேறு வேறு ஒலி

எழுத்துக்கு ஒலி சொல்லி வாசிக்கப் பழக்கும் ஆங்கில ஃபோனிக்ஸ் வகுப்புக்குப் போய் வந்தவர்கள் இங்கே தடுமாறுவார்கள். கடல், பகல், தங்கம், பக்கம் என்ற நான்கிலும் க ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. சட்டை, பச்சை, பஞ்சு என்பவற்றில் ச-வும் அப்படித்தான். சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லினம் அழுத்தமாக வரும். (ச மட்டும் முதலில் மெலிந்தே வரும், இரட்டித்தால்தான் அழுத்தம்.) மெல்லினத்துக்குப் பின்னால் குழையும், இரண்டு உயிருக்கு நடுவில் இன்னும் தளரும். இந்த விதியைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக்குத் தெரிந்த சொல்லாகக் கொடுத்தால் போதும். 'ம-க-ன்' என்று அழுத்தமாகக் கூட்டிவிட்டு, ஒரு நொடியில் "ஓ, மகன்!" என்று தானே திருத்திக்கொள்ளும். அந்தத் திருத்தலுக்காகத்தான் முதல் சில மாதம் பிள்ளை பேசுகிற சொற்களாகவே கொடுக்க வேண்டும் என்கிறேன்.

மெல்லினத்தை அதன் ஜோடியோடு கொடுங்கள்: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. சங்கு, பஞ்சு, நண்டு, பந்து, பாம்பு, கன்று. எந்த ந, எந்த ன, எந்த ண என்ற குழப்பம் இதில் பெரும்பகுதி தீரும். சொல்லின் முதலில் வந்தால் ந என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

நம்ம பேச்சும் புத்தகத் தமிழும்

வீட்டில் பேசுவது ஒன்று, புத்தகத்தில் இருப்பது ஒன்று. 'இலை' என்று எழுதியிருக்கும், பிள்ளை 'எல' என்று வாசிக்கும். 'உடம்பு' ஒடம்பாகும். 'காற்று' காத்தாகும். 'வாழைப்பழம்' நம்ம பக்கத்தில் பலர் வாயில் 'வாளப்பளம்'. 'சொல்கிறான்' என்பதைப் பார்த்துச் 'சொல்லுதான்' என்று வாசிக்கிற பிள்ளையைப் புதிதாக வந்தவர்கள் உடனே திருத்தப் போய்விடுவார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். இதில் இரண்டு வகை உண்டு. எழுத்தையெல்லாம் வாசித்து, பொருள் புரிந்து, வீட்டுப் பேச்சில் சொல்வது ஒன்று. எழுத்தையே பார்க்காமல் முதலெழுத்தை வைத்து ஊகிப்பது இன்னொன்று. முதலாவது நல்ல அறிகுறி. இரண்டாவதைத்தான் கவனிக்க வேண்டும். பிரித்தறிவது எளிது: "இதுல 'கி' எங்க இருக்கு, தொட்டுக் காட்டு." தொட்டால், "ஆமா, நாம சொல்லுதான்னு சொல்வோம், புஸ்தகத்துல சொல்கிறான்னு போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு நகருங்கள். வீட்டுப் பேச்சைத் தப்பு என்று சொன்னால் அந்தப் பிள்ளை அடுத்து வாயைத் திறக்காது.

இந்த ஊகத்துக்கு நம் ஊர்ப் பெயர்களே நல்ல சோதனை. பஸ் போர்டைக் காட்டி ஒரு பையனிடம் கேட்டால் பேச்சு இப்படிப் போகும்.

"ஏலே, இது என்ன ஊரு?"

"சேர்மாதேவி, அக்கா."

"எங்க, தொட்டுத் தொட்டு வாசி."

"சே... ரன்... ம... கா..." என்று போய், நின்று, "அக்கா, தப்பா எழுதிட்டாவ!"

போர்டில் இருந்தது சேரன்மகாதேவி. அந்தக் கோபத்தில்தான் அவன் முதல் தடவையாக எழுத்தை வாசித்திருக்கிறான். அம்பை என்று நாம் சொல்லும் அம்பாசமுத்திரம், பாளை என்று சொல்லும் பாளையங்கோட்டை இரண்டையும் இப்படியே பயன்படுத்தலாம். நீளமான பெயர் மலைக்க வைத்தால் ஒரு காலண்டர் தாளால் மூடி, அசை அசையாகத் திறந்துகொண்டே போங்கள்: கல், லி, டைக், கு, றிச், சி. தென்காசி ரயிலில் போகிற பிள்ளைகளுக்கு வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, ஆழ்வார்குறிச்சி என்று வழியெல்லாம் பாடம்தான்.

ழ-வுக்கு ஒரு வார்த்தை. நாக்கு நுனியை மேலே மடக்கி, எங்கும் தொடாமல் விட்டால் ழ. மேலண்ணத்தைத் தொட்டால் ள. மேல்பல் வரிசைக்குப் பின்னால் தொட்டால் ல. இதை ஒரு விளையாட்டாகத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். வாசித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை நடுவில் நிறுத்தி 'பழம், பழம்' என்று பத்துத் தடவை சொல்ல வைத்தால் வாசித்த வரியே மறந்துவிடும். ர, ற இரண்டும் இன்று பெரும்பாலோர் பேச்சில் ஒன்றுபோல்தான் ஒலிக்கின்றன. எந்தச் சொல்லில் எது என்பது பார்த்துப் பார்த்துத்தான் பதியும்.

தடுமாறும்போது என்ன செய்வது

காத்திருங்கள். மனசுக்குள் நாலு வரை எண்ணுங்கள். பெரும்பாலும் நாம் இரண்டிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறோம். பின்னால் உட்கார்ந்து முணுமுணுக்கிற அண்ணனை வேறு வேலைக்கு அனுப்புங்கள். இன்னும் வரவில்லை என்றால் சொல்லைச் சொல்லாமல் தடுக்குகிற எழுத்தை மட்டும் தொட்டுக் காட்டுங்கள். வந்ததும் சொல்லை முழுதாக ஒருமுறை, அப்புறம் வரியை முதலிலிருந்து ஒருமுறை. எழுத்துக்கூட்டி முடித்த சொல்லை மறுபடி வேகமாகச் சொல்ல விடாமல் அடுத்ததற்குத் தாவினால், பிள்ளை கடைசி வரை எழுத்துக்கூட்டிக்கொண்டேதான் இருக்கும்.

பத்துத் தடவை எழுதிட்டு வா என்பது எனக்கு ஒப்பாத பழக்கம். கை எழுதும், கண் எங்கேயோ இருக்கும். நீங்கள் மூன்று சொல் சொல்ல, பிள்ளை கேட்டு எழுதினால் அதில் வேலை அதிகம். தேரிப் பக்கத்து ஊர் என்றால் சிவந்த மணலே சிலேட்டு, விரலே குச்சி. தப்பினால் தடவி அழித்துவிடலாம், அழித்த தடம்கூட இருக்காது.

வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிற ஊர்களில் அம்மாமாருக்கு நேரமில்லை என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். கைதான் வேலையாக இருக்கிறது, காது சும்மாதான் இருக்கிறது. பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கட்டும். அம்மாவுக்கு எழுத்தே தெரியாவிட்டாலும் "அப்படின்னா என்னல?" என்று கேட்கலாம். தப்பாக வாசித்தால் சொல் அர்த்தமில்லாமல் விழும், அந்த ஒரு கேள்வியிலேயே பிள்ளை திரும்பிப் பார்க்கும்.

நாள் ஒன்றுக்கு அரை மணி போதும். ஐந்து நிமிஷம் காது விளையாட்டு, பத்து நிமிஷம் பழைய சொல், பத்து நிமிஷம் புதியது, கடைசி ஐந்தில் நீங்கள் ஒரு கதையை வாசித்துக் காட்டுங்கள். கடைசி ஐந்தை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்ட வேண்டாம், பிள்ளைகள் மறுநாள் வருவது அதற்காகத்தான்.

பல வாரம் ஆகியும் ஒலியை ஒலியோடு பிரித்தறியாத பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, சிலேட்டை மூக்கருகே கொண்டுபோகிற பிள்ளை இருந்தால் வாசிப்பை ஒரு பக்கம் வையுங்கள். காதும் கண்ணும் முதலில் சோதிக்கப்பட வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்லலாம். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருப்பார்கள், பள்ளித் தலைமையாசிரியர் மூலம் அவர்களிடம் சொல்லலாம். மந்தம் என்று பெயர் வைத்துவிட்டு விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

சொற்கள் தடையில்லாமல் வரத் தொடங்கியதும் புத்தகத்துக்குப் போங்கள். பக்கத்துக்கு இரண்டு மூன்று வரியும் பெரிய எழுத்தும் உள்ளதாகப் பாருங்கள். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்திலும் ஊர்ப்புறக் கிளை நூலகங்களிலும் சிறுவர் அலமாரி இருக்கும். ஆச்சி பெட்டியிலிருந்து எடுத்துத் தரும் பழைய புத்தகமும் ஆகும், ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது என்றால் லை, னை, ணை, ளை எல்லாம் யானைத் துதிக்கைபோல் வளைந்த பழைய உருவத்தில் இருக்கும்; றா, னா, ணா-வும் வேறு மாதிரி. அந்த ஏழெட்டு எழுத்தையும் ஒரு காலண்டர் தாளில் பழையதும் புதியதுமாக அருகருகே எழுதிப் புத்தகத்துக்குள் செருகிக் கொடுத்துவிடுங்கள்.